நான்காவது எபிசோடில் நான் வெட்டிய பதினோரு நிமிடங்கள்

எங்கள் வீட்டில் ஒரு கார்ட்டூன் ஓட வேண்டுமென்றால் அதற்கு என் அனுமதி வேண்டும். கணினியில் இதற்கென்றே ஓர் அட்டவணை வைத்திருந்தேன். பெயருக்கு நேரே பச்சை நிறம் விழுந்தால் பார்க்கலாம், சிவப்பு விழுந்தால் கூடாது. மகளுக்கு அப்போது நாலரை வயது, யு.கே.ஜி. ரிமோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "அப்பா, இது பாஸ் ஆயிடுச்சா?" என்று கேட்பாள். இன்னும் பார்க்கவில்லை என்பேன். விண்ணப்பம் மேலிடத்தில் இருக்கிறது என்று புரிந்துகொண்டு பொம்மைகளிடம் திரும்பிப் போய்விடுவாள். என் மனைவி எனக்கு வைத்திருந்த பெயர் சென்சார் போர்டு.

என் பிழைப்பு அப்படிப்பட்டது. பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதனை செய்கிறேன். மற்றவர்கள் ராப்பகலாக எழுதியதை வாங்கி அதில் எங்கே ஓட்டை என்று காட்டுவதுதான் வேலை. பதினான்கு வருடமாகக் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவன் வீட்டுக்கு வந்ததும் சும்மா இருப்பானா? அதிலும் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. மனைவிக்கு அந்த வசதி இல்லை. அவளுக்கு ஹெப்பகோடியில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை, அந்தக் குடுவைகளை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. பொம்மனஹள்ளியில் எங்கள் தெருமுனைக்குக் காலை ஏழு இருபதுக்கு அவள் கம்பெனி பஸ் வரும். ஒரு நிமிடம் நிற்கும். அந்த ஒரு நிமிடத்தை நம்பித்தான் எங்கள் குடும்பம் நடந்தது.

அட்டவணையில் ஒன்பது பத்திகள். அடிதடி, பயம், சோகம், மரியாதைக் குறைவு, கெட்ட பழக்கம், தேவையில்லாத சத்தம் என்று போகும். பார்க்காமல் எதையும் நிராகரித்ததில்லை. மதிய உணவு நேரத்தில் தயிர்சாதத்தைப் பிசைந்தபடி, பேசும் முயல்களையும் பறக்கும் பேருந்துகளையும் கடமை தவறாமல் பார்த்தேன். ஒன்றில் கதாநாயகன் சாப்பிட்டதும் ஏப்பம் விட்டான். சிவப்பு. இன்னொன்றில் ஒரு பூனை தன் தங்கையை ஓர் எபிசோடுக்கு நான்கு தடவை தள்ளிவிட்டது. எண்ணிப் பார்த்துச் சிவப்பு போட்டேன். ஒரு ஜப்பானியத் தொடரில் வானம் கறுத்து, ஒரு பெரிய வாய் மட்டும் திறந்து மூடியது. அன்று எனக்கே தயிர்சாதம் இறங்கவில்லை. அப்பாவை மட்டும் எப்போதும் அசடாகக் காட்டிய ஒரு தொடரைக் குழந்தை மனதைக் கெடுக்கும் என்று ஒதுக்கினேன். அதில் மட்டுமாவது உண்மை இருக்கிறதே, விடுங்கள் என்று மனைவி சிபாரிசு செய்தாள். நான் அசைந்து கொடுக்கவில்லை.

இப்படி வடிகட்டியதில் கடைசியில் தேறியவை மூன்று. ஒன்றில் ஓர் ஆமை நிறங்களைச் சொல்லும். இரண்டாவதில் அதே ஆமை மாதிரி ஒன்று எண்களைச் சொல்லும். மூன்றாவதில் பழங்கள் கைகோத்து ஆடும். மகள் ஒரு வாரம் பார்த்தாள். அப்புறம் தொலைக்காட்சியை ஓடவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து விளையாடினாள். எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் அந்த நீர்நாய்க் குடும்பம் கிடைத்தது. தமிழில் குரல் கொடுக்கப்பட்ட ஒரு ஜப்பானியத் தொடர். ஒரு மலை ரயில் நிலையத்தில் நீர்நாய்கள் நூடுல்ஸ் கடை வைத்திருக்கின்றன. அப்பா நீர்நாய் மாவு பிசையும், அம்மா நீர்நாய் மஞ்சள் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு கீழூருக்குப் போய்ச் சாமான் வாங்கி வரும், மூன்று குட்டிகள் தட்டு கழுவும். பேச்சில் மரியாதை, பார்வைக்கு அழகு, யாரும் யாரையும் தள்ளிவிடவில்லை. முதல் மூன்று எபிசோடுகளை முடித்தபோது எனக்கே இரண்டு தடவை கண் கலங்கியது. திரையின் மேலே மட்டும் ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று போட்டிருந்தது. ஏன் ஏழு என்று நான்காவது எபிசோடில் தெரிந்தது. மழைநாளில் அம்மா நீர்நாய் வெளியே போகிறது. ஆற்றில் வெள்ளம். அது திரும்பி வருவதில்லை.

நான் அதைச் சிவப்பாக்கியிருக்க வேண்டும். ஏழு என்று போட்டவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கும் என்று விட்டிருக்கலாம். ஆனால் ஒரு பிழை கண்ணில் பட்டால் சும்மா விட்டுப் பழக்கமில்லை. எபிசோடுகளைக் கணினியில் இறக்கி, ஒரு வெட்டி ஒட்டும் மென்பொருளைக் கற்றுக்கொண்டு, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்தேன். நான்காவது எபிசோடில் வெள்ளம் போயிற்று, தேடல் போயிற்று, அழுகை மொத்தமும் போயிற்று. கணக்குப் பார்த்தால் பதினோரு நிமிடம். அடுத்த எபிசோடுகளில் கடைச் சுவரில் மாட்டியிருந்த அம்மா நீர்நாயின் படமும் அதன் முன்னால் புகையும் ஊதுபத்தியும் வரும் இடங்களையெல்லாம் தேடித் தேடி எடுத்தேன். ஒரு குட்டி தூக்கத்தில் "அம்மா" என்று முனகும் அரை விநாடியைக்கூட விடவில்லை. ஒட்டிய இடமே தெரியவில்லை. ஏழு வயதுக்கு மேல் என்பதை நாலு வயதுக்கு மேல் என்று ஆக்கிவிட்ட பெருமையில், அட்டவணையில் பளிச்சென்று பச்சை போட்டேன். பென் டிரைவில் ஏற்றித் தொலைக்காட்சியில் செருகியபோது, மகள் தொலைக்காட்சிக்கு முகத்தைக் காட்டி உட்கார்ந்தாள். அந்த மாதம் எனக்கு அலுவலகத்தில் கிடைத்த எந்தப் பாராட்டும் அதற்கு ஈடாகவில்லை.

அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் காலை நேரங்கள் கெட்டுப்போக ஆரம்பித்தன.

அதுவரை மகள் அம்மாவை வழியனுப்புவதில் சிக்கல் இருந்ததே இல்லை. செருப்பு மாட்டிக்கொண்டே மனைவி "போய்ட்டு வர்றேன்" என்பாள். எங்கள் வீடுகளில் யாரும் வாசலில் நின்று போகிறேன் என்று சொல்லமாட்டோம், கடைக்கு உப்பு வாங்கக் கிளம்பினாலும் போய்விட்டு வருகிறேன்தான். மகளும் தோசையிலிருந்து தலை தூக்காமல் "சரிம்மா" என்பாள். ஒரு திங்கட்கிழமை அந்தச் சொல் மனைவியின் வாயிலிருந்து வந்ததும் மகள் தட்டைத் தள்ளிவிட்டு ஓடி வந்து, அம்மாவின் அடையாள அட்டை நாடாவைப் பிடித்துக்கொண்டாள். அப்படிச் சொல்லாதே என்று ஒரே அழுகை. மறுநாள் மனைவி சொல்லாமல் கிளம்பிப் பார்த்தாள், அழுகை இரண்டு மடங்காயிற்று. இரண்டு நாளும் நாடாவிலிருந்து ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாக நான் பிரித்தெடுத்தேன். பஸ் போய்விட்டது.

அந்த வாரம் மூன்று நாள் பஸ் போயிற்று. ஓசூர் ரோட்டில் அந்நேரத்துக்கு ஒரு ஆட்டோவைப் பிடித்து ஹெப்பகோடி போய்ச் சேருவதற்குள் ஆய்வுக்கூடத்தில் பாதிக் காலை முடிந்திருக்கும். மனைவி அப்போதுதான் ஒரு குழுவுக்குப் பொறுப்பாளராக ஆகியிருந்தாள். எட்டு வருடம் காத்திருந்து கிடைத்த இடம். அவளே தாமதமாக வந்தால் மற்றவர்களை எந்த முகத்தோடு கேட்பது என்று அவளுக்கு ஆற்றாமை. நாலாவது வாரம் அவளுடைய மேலாளர் அவளைக் கூப்பிட்டு, குழந்தை கொஞ்சம் பெரியவளாகும்வரை அந்தப் பொறுப்பை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று மிகவும் அன்பாகக் கேட்டிருக்கிறார். அந்த அன்புதான் அவளுக்குத் தாங்கவில்லை. அன்று வந்து கைப்பையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

நாங்கள் விசாரிக்காமல் இல்லை. பள்ளி ஆசிரியை, இது இந்த வயதில் வருவதுதான், இரண்டு வாரத்தில் போய்விடும் என்றார். இரண்டு வாரம் போயிற்று, அது போகவில்லை. கீழ் வீட்டு ஓனரம்மா மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருப்பவர். கன்னடமும் தமிழும் கலந்துதான் பேசுவார். "சும்னே பயந்திருக்கு தம்பி, கண்ணு பட்டிருக்கு" என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். வீடு முழுக்க நெடி ஏறி நாங்கள் மூவரும் இருமினோம், மறுநாள் காலையில் மகள் இருமிக்கொண்டே அழுதாள். நான் என் பங்குக்குப் புதிதாக ஓர் அட்டவணை போட்டேன். எத்தனை மணிக்கு அழுகை, முதல் நாள் இரவு என்ன சாப்பிட்டாள், எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்று எழுதி வைத்தேன். என்ன பார்த்தாள் என்று ஒரு பத்தி போடவில்லை. அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? நானே பரிசோதித்துப் பச்சை போட்டது. சாயங்காலம் அவள் கொஞ்சம் சமாதானமாக இருக்கட்டும் என்று அரை மணி நேரத்தை ஒரு மணியாக்கி, அந்த நீர்நாய்களையே கூடுதலாகப் போட்டுக் காட்டினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மனைவி சொல்லிவிட்டாள். "ஏங்க, நான் ரிசைன் பண்ணிடறேன். டெய்லி அவ கைய பிரிச்சுட்டுப் போக என்னால முடியல." வேலையை விட அவளுக்கு விருப்பமில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் அதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை கடிதம் கொடுப்பதாக முடிவாயிற்று.

மறுநாள் சனிக்கிழமை. அவள் கம்பெனியில் சனிக்கிழமையும் அரைநாள் உண்டு. வழக்கம்போல் அழுகை, வழக்கம்போல் விரல்கள். பஸ் அன்று தாமதமானதால் கிடைத்தது. பத்து மணி வாக்கில் மகள் கூடத்தில் பொம்மைகளை வட்டமாக உட்காரவைத்து, நடுவில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். கரடி, யானை, கண் ஒன்று போன நாய். மஞ்சள் சட்டை போட்ட பெரிய பொம்மையை மட்டும் காணோம். அது அவளுக்கு மிகவும் பிடித்தது. எங்கே என்று தேடினேன். வாசலுக்கு வெளியே, செருப்பு ஸ்டாண்டின் கீழ்த்தட்டில், என் ஷூவுக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தது. எடுத்துக்கொண்டு வந்தேன்.

"உள்ள எடுத்துட்டு வராதப்பா. அது அம்மா."

ஏன் வெளியே இருக்கிறது என்றேன்.

"போய்ட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போச்சு. வரல."

சரி, மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன்.

"நூடுல்ஸ் சாப்பிடறாங்க."

அம்மாவைத் தேடவில்லையா என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்ற பார்வை.

"யாருமே தேட மாட்டாங்கப்பா. பாட்டு பாடுவாங்க. நீதான பாஸ் பண்ணின?"

பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டே கணினி முன்னால் போய் உட்கார்ந்தேன். மென்பொருள் சோதனையில் முதல் பாடம் ஒன்று உண்டு. ஓர் இடத்தில் கைவைத்தால், கைவைத்த இடத்தை மட்டும் பார்த்தால் போதாது, முழுவதையும் ஆரம்பத்திலிருந்து, ஒன்றும் தெரியாத ஓர் ஆள் பார்ப்பதுபோல மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தருவது நான். மறந்தால் எரிந்து விழுவதும் நான். அப்படிப்பட்டவன் அந்தத் தொடரில் வெட்டிய இடங்களை மட்டும் நூறு தடவை பார்த்திருந்தேன். என்னுடைய பிரதியை முதலிலிருந்து முடிவுவரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

பார்த்தேன். அம்மா நீர்நாய் மஞ்சள் கோட்டை மாட்டுகிறது. பையை எடுக்கிறது. வாசலில் திரும்பி, தமிழில் மிக இனிமையாக "போய்ட்டு வர்றேன்" என்கிறது. கதவு மூடுகிறது. அடுத்த நொடி, வெயில் அடிக்கிறது, அப்பா நீர்நாய் நூடுல்ஸ் பரிமாறுகிறது, குட்டிகள் சிரிக்கின்றன, பாட்டு தொடங்குகிறது. அப்புறம் எட்டு எபிசோடுகள். ஒருவரும் அம்மா எங்கே என்று கேட்பதில்லை. அவளுடைய தட்டு இல்லை, படம் இல்லை, பெயர் இல்லை. கதையை எழுதியவர்கள் ஓர் அம்மாவைச் சாகடித்தார்கள், அவ்வளவுதான். அவளை ஒருவரும் தேடாத வீடு ஒன்றைக் கட்டியது நான். ஒட்டிய இடமே தெரியாமல் கட்டியிருக்கிறேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேர்த்தியாக இன்னொரு வேலை செய்திருப்பேனா என்பது சந்தேகம். அந்தப் பிரதியைத்தான் ஆறு வாரமாக, அழுகையை நிறுத்த மருந்துபோல, தினமும் கொடுத்திருந்தேன்.

மதியம் மனைவி வந்ததும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னுடைய பிரதியைப் போட்டுக் காட்டச் சொன்னாள். கைப்பையைக்கூடக் கழற்றாமல் பார்த்து முடித்தாள்.

"நான் வரலன்னா நீங்க ரெண்டு பேரும் நூடுல்ஸ் சாப்பிட்டுட்டு இருப்பீங்கன்னு நினைச்சிருக்கா, பாவம்." கைப்பையைக் கழற்றி வைத்துவிட்டு, "நல்லவேளை, நூடுல்ஸ் செய்யவாவது உங்களுக்குத் தெரியும்" என்றாள். அந்தக் கிண்டல் வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் நடுவில் மகளை வைத்து உட்கார்ந்து, வெட்டாத நான்காவது எபிசோடைப் பார்த்தோம். இது நீ பார்த்ததுதான், இதில் ஒரு துண்டை அப்பா எடுத்துவிட்டேன், அது இப்போது வரும் என்று முன்கூட்டியே சொன்னேன். அவள் தலையாட்டினாள். வெள்ளம் வந்தது. அப்பா நீர்நாய் மாவுக் கையோடு மழையில் ஓடியது. ரயில் நிலையத்து ஆட்கள் எல்லோரும் லாந்தரோடு ஆற்றங்கரையில் நடந்தார்கள். மூத்த குட்டி தொண்டை கட்டும்வரை கூப்பிட்டது. ஒரு பாறையில் மஞ்சள் கோட்டு கிடைத்தது. கடையை மூடிவிட்டு, எல்லோரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன். மனைவியும் அழுதாள். மகள் அழவில்லை. முட்டியைக் கட்டிக்கொண்டு, கண் கொட்டாமல், யார் யார் தேடுகிறார்கள் என்று எண்ணுகிறவள் மாதிரி பார்த்தாள்.

முடிந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"இவ்ளோ பேர் தேடினாங்களா?"

ஆமாம் என்றேன்.

"அத ஏன்ப்பா எடுத்த?"

நீ பயப்படக்கூடாது என்று எடுத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆறு வாரத்துக்குப் பிறகு அதை அவளிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. தெரியாமல் எடுத்துவிட்டேன், இனிமேல் எடுக்கமாட்டேன் என்றேன். அம்மா நீர்நாய் செத்துப்போச்சா என்று மனைவியிடம் கேட்டாள். மனைவி ஆமாம் என்றாள். நீ செத்துப்போவியா என்றாள் அடுத்து. ரொம்ப நாள் கழித்து, நீ பெரியவளாகி உனக்குத் தலை நரைத்த பிறகு என்று மனைவி அவளை மடியில் இழுத்துக்கொண்டு சொன்னாள். மகள் தன் முடியை முன்னால் இழுத்துப் பார்த்தாள். கறுப்பாகத்தான் இருந்தது. வெளியே போய்ச் செருப்பு ஸ்டாண்டில் நான் முந்தின நாள் பழையபடி கொண்டுபோய் வைத்திருந்த பொம்மையை அவளே எடுத்துக்கொண்டு வந்து, கிண்ணத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

திங்கட்கிழமை காலை ராஜினாமாக் கடிதம் மனைவியின் பையில் மடித்து இருந்தது. ஏழு பதினைந்துக்கு அவள் செருப்பை மாட்டினாள். சொல்லலாமா வேண்டாமா என்று என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை. மெதுவாக, "போய்ட்டு வர்றேன்" என்றாள். மகள் தோசையை வைத்துவிட்டு எழுந்து வந்தாள், நாடாவைப் பிடித்தாள். என் கை தானாக அவள் விரல்களுக்குப் போயிற்று. ஆனால் அவள் இழுக்கவில்லை. எந்த வழியாக வருவாய் என்று கேட்டாள். பஸ்ஸில், ஓசூர் ரோடு வழியாக, தெருமுனையில் இறங்கி என்று மனைவி விவரமாகச் சொன்னாள். எத்தனை மணிக்கு என்றாள். ஆறரைக்கு. சரி என்று நாடாவை விட்டுவிட்டாள். கண்ணில் தண்ணீர் நிற்கத்தான் செய்தது. பஸ் கிடைத்தது.

அன்று ஓசூர் ரோட்டில் ஒரு லாரி குறுக்கே நின்றுபோய்ப் போக்குவரத்து அப்படியே நின்றுவிட்டது. கடிதம் கொடுக்கவில்லை, வரத் தாமதமாகும் என்று மனைவி எனக்குச் செய்தி அனுப்பினாள், தாமதமாகும் என்பதை மகளிடம் சொன்னேன். ஆறரை ஆயிற்று. மகள் பொம்மைகளை விட்டுவிட்டுச் சுவர்க் கடிகாரத்தின் கீழே வந்து நின்றாள். பெரிய முள் கீழே வந்தால் அரை என்று அவளுக்குத் தெரியும். அது கீழே வந்து, தாண்டியும் போயிற்று. அவள் அழவில்லை. வெளியே போய் என் ஷூவையும் தன் செருப்பையும் எடுத்து வந்து போட்டாள். அலமாரியிலிருந்து டார்ச்சை எடுத்து என் கையில் கொடுத்தாள். தெருவிளக்கு எரிகிறது, எதற்கு டார்ச் என்று நான் கேட்கவில்லை.

அலுவலகக் கூட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அவசர வேலை என்று எழுதிவிட்டுக் கணினியை மூடினேன். கீழே இறங்கும்போது ஓனரம்மா எங்கே கிளம்பிட்டீங்க என்று கேட்டார். அம்மாவைத் தேட என்று மகள் சொன்னதும், அவரும் முந்தானையைச் செருகிக்கொண்டு கேட்வரை வந்தார். தெருமுனையில், பூக்காரம்மாவின் வண்டிக்குப் பக்கத்தில் நின்று, வந்த ஒவ்வொரு பஸ்ஸின் மேலும் டார்ச் அடித்தோம். இரண்டு டிரைவர்கள் என்னைக் கன்னடத்தில் திட்டினார்கள். நான் நிறுத்தவில்லை.

ஏழேகாலுக்குக் கம்பெனி பஸ் வந்தது. மனைவி களைத்துப்போய், பையைத் தோளில் இழுத்துக்கொண்டு இறங்கினாள். வெளிச்சம் முகத்தில் பட்டுக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இங்கே என்ன செய்கிறீர்கள் என்றாள். மகள் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"நாங்க இன்னும் சாப்பிடலம்மா," என்றாள். "உன்னதான் தேடிட்டிருந்தோம்."